துரை மீன்கள் செத்த வாரம்

நான் அந்தத் தோட்டத்துக்கு டிஸ்பென்சராகப் போனபோது எனக்கு இருபத்தேழு வயது. அட்டனில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை நான். துணி கிழித்துக் கொடுக்கும் பொறுமை எனக்கு இல்லை என்பதை அப்பா சீக்கிரமே கண்டுகொண்டு மருந்து படிக்க அனுப்பிவிட்டார். வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி மேலே ஒரு மணி நேரம் நடந்தால் தோட்டம் வரும். தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள்தான் மருந்துச்சாலை. ஒன்றில் மருந்துப் புட்டிகளும் ஒரு பெஞ்சும் இருந்தன. மற்றதில் என் கட்டில்.

எனக்கு முன்னால் இருந்தவர் கொக்கிப்புழுவுக்கு மலம் பார்க்க ஒரு மைக்ராஸ்கோப் வைத்திருந்தார். அவர் போன பிறகு அது மரப்பெட்டிக்குள் தூசி பிடித்துக் கிடந்தது. நான் அதைத் துடைத்து ஜன்னலோரம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேச ஆள் கிடையாது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் என்னை ஐயா என்று கூப்பிட்டுத் தள்ளி நின்றார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு நான் ஆள் இல்லை. அதனால் ஒரு புட்டியில் குளத்துத் தண்ணீரை மொண்டு வந்து, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் தடவை பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பச்சைப் பந்து ஒன்று மெதுவாக உருண்டு வந்தது. அதற்குள்ளே இன்னும் சின்னப் பந்துகள். கண்ணாடியில் செய்த படகு போல ஒன்று, யாரும் துடுப்புப் போடாமல் தானாக நகர்ந்து போனது. தலையில் இரண்டு சக்கரம் சுற்றுவது மாதிரி மயிர் துடிக்க, ஒரு பிராணி எதையோ வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்ப்பூச்சி ஒன்றின் முதுகுக்குள் அதன் இதயம் அடிப்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினால் அதற்கும் கீழே ஊசி குத்தியது போலப் புள்ளிகள் துடித்தன. அவைதான் பாக்டீரியா என்று படித்திருந்தேன். எல்லாவற்றையும் மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்து வைத்தேன். யாருக்கும் காட்டவில்லை.

குளம் என்று நாங்கள் சொன்னது, ஓடையை மறித்துக் கட்டிய தண்ணீர்த் தேக்கம். அதிலிருந்து ஒரு பெரிய இரும்புக் குழாய் இறங்கி, தேயிலை அரைக்கும் ஸ்டோரின் சக்கரத்தைச் சுழற்றியது. இன்னொரு சின்னக் குழாய் மேல் லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனது. லயத்தில் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்தப் பீலியில் விழும் தண்ணீர்தான். துரை அந்தக் குளத்தில் நுவரெலியாவிலிருந்து வரவழைத்த மீன்குஞ்சுகளை விட்டிருந்தார். தூண்டில் போட்டு விளையாடுவதற்காக. எங்கள் ஜனங்கள் அதைத் துரை மீன் என்பார்கள். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

குளத்துக்கு ஒரு காவல்காரர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய குழாயின் வாயில் கம்பிவலை உண்டு. அதில் வந்து அடைக்கிற இலை தழையை நீளக் கம்பு வாரியால் இழுத்து எடுப்பதுதான் அவர் வேலை. நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நிற்பதால் அவருக்குச் சேற்றுப்புண் ஆறவே ஆறாது. வாரத்துக்கு ஒரு முறை மருந்துச்சாலைக்கு வந்து பெஞ்சில் காலை நீட்டுவார். நான் மருந்து தடவிவிடுவேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அப்படி வந்தவர், "ஐயா, கொளத்துத் தண்ணி சரியில்லீங்க" என்றார்.

"என்ன செய்யுது?"

"பச்சையா திரிஞ்சு கெடக்குது. வாரியப் போட்டா அடியில இருந்து கொமிழு கொமிழா வருது. அழுவுன முட்ட நாத்தம். கண்டாக்கையாகிட்ட சொன்னேன். ஒன் வேலயப் பாருன்னுட்டாரு." தோட்டத்து வேலைகளையெல்லாம் மேற்பார்வை பார்க்கிறவரைத்தான் கண்டாக்கையா என்பார்கள்.

"மழை வந்தா சரியாயிடும்" என்று நான் சொன்னேன். அடுத்த ஆள் காத்திருந்தான். காலைக் கட்டி அனுப்பிவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனது சங்கடப்படும். ஞாயிறுதோறும் அந்தத் தண்ணீரைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தவன் நான். அவர் சொன்னதைத்தான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பனிமூட்டம் நாலைந்து நாளாக விலகாமல் கிடந்தது. காற்றே இல்லை. ஒரு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படிக்கும் நேரத்தில் குளக்கரையில் கூச்சல் கேட்டது. நான் போனபோது துரை மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தன. சில இன்னும் சாகவில்லை. மூக்கை மேலே தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடின. கரையில் காவல்காரர் நின்றார். அவர் கையில் ஒரு சாக்கு. சாக்கில் பத்துப் பன்னிரண்டு மீன்.

கண்டாக்கையா அவர் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று சத்தமாகத்தான் சொன்னார். "மீனைக் கொல்ற காட்டுக்கொடியை இடிச்சுத் தண்ணியில கலக்கியிருக்கான். சாக்கோட வந்து பொறுக்குறான் பாருங்க."

"செத்துக் கெடந்ததத்தாங்க பொறுக்குனேன்" என்றார் காவல்காரர். "கம்பில வந்து அடைக்கும்ல. எடுத்துப் போடணும்ல."

துரை குதிரையில் வந்து இறங்கினார். தண்ணீரை வெகு நேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, வெளுக்கும். காவல்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டாக்கையாவிடம், சனிக்கிழமை அந்த ஆளுக்குப் பத்துச்சீட்டு எழுதும்படி சொன்னார். பத்துச்சீட்டு என்றால் வேலை போயிற்று. வேலை போனால் லயத்தில் குடியிருக்கும் காம்பிராவும் போயிற்று. அவர் பெண்சாதி கொழுந்து எடுப்பவள். அவளும் பிள்ளைகளும் சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். வேறு தோட்டத்தில், விஷம் வைத்தவன் என்று பேர் வாங்கியவனை யார் சேர்ப்பார்கள்?

பிறகு துரை என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். "உன்னிடம் மைக்ராஸ்கோப் இருக்கிறதல்லவா? தண்ணீரில் என்ன விஷம் என்று சனிக்கிழமைக்குள் சொல்." ஆக, விஷம் இருக்கிறது என்று அவர் முடிவு பண்ணியாயிற்று. பேர்தான் வேண்டும். அன்று புதன்கிழமை.

விஷம் எதுவென்று மைக்ராஸ்கோப் சொல்லாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீரை எடுத்துப் போய்ப் பார்த்தேன். மேல் தண்ணீரில் பச்சைப் பந்துகள் பாதி செத்து, கிழிந்து கிடந்தன. சக்கரத் தலைப் பிராணிகள் மட்டும் உயிரோடு அலைந்தன. விஷம் கலந்தால் இத்தனை சின்ன உயிர் பிழைக்குமா என்று எனக்கு முதல் சந்தேகம் அங்கே வந்தது. அடித் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு புட்டியின் கழுத்தில் கல்லைக் கட்டி, கார்க்கில் தனியாக ஒரு கயிறு கட்டினேன். புட்டியை அடியில் இறக்கிவிட்டுக் கார்க்கைச் சுண்டி இழுத்தால் அடித் தண்ணீர் மட்டும் ஏறும். மறுநாள் காவல்காரர்தான் குளத்தின் மேல் நீட்டிய பலகையில் படுத்து இறக்கிக் கொடுத்தார். வேலை போன ஆளாக அவர் இன்னும் நடந்துகொள்ளவில்லை. கம்பிவலையை அன்றைக்கும் சுத்தம் பண்ணியிருந்தார்.

மேலே வந்த தண்ணீர் கறுத்திருந்தது. அழுகிய நாற்றம். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்தபோது பச்சை எதுவுமே இல்லை. கிழிந்த இலைத் துணுக்குகள். அவற்றைச் சுற்றிப் புள்ளிகள், இடைவெளி இல்லாமல், அரிசி கொதிப்பது போலத் துடித்தன. அவ்வளவு பாக்டீரியாவை நான் ஒரு சொட்டில் பார்த்ததே இல்லை.

"இந்த இலையெல்லாம் எங்கேயிருந்து வந்துது?" என்று காவல்காரரிடம் கேட்டேன்.

அவர் மேலே இருந்த மலையைக் காட்டினார். "கவ்வாத்து எலதானுங்க. மிலாறுக் குச்சிய நாங்க வெறகுக்கு எடுத்துக்கிட்டோம். எலய வழக்கமா குழி வெட்டிப் பொதைப்பாங்க. இந்தத் தடவ நேரமில்லன்னு ஓடையில தள்ளிவிட்டாங்க. மொத மழையில அம்புட்டும் கொளத்துக்கு வந்துருச்சு."

யார் தள்ளச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்து வேலை முழுக்கக் கண்டாக்கையாவின் பொறுப்பு.

"சரி, எலை அழுவினா மீன் ஏன் சாவுது?" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது போலக் கேட்டேன். அழுகும் பொருளைத் தின்கிற பாக்டீரியா தண்ணீரில் கரைந்த காற்றையும் இழுத்துக்கொள்ளும் என்று எப்போதோ படித்த ஞாபகம். அதை எப்படி இன்னொருவருக்குக் காட்டுவது?

காவல்காரர் வாரியைக் கரையில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார். "இந்த மீனுக்குஞ்ச ஸ்டேசன்ல இருந்து நாங்க நாலு பேருதான் பால் கேன்ல தூக்கியாந்தோம். வழி முச்சூடும் தண்ணிய அள்ளி அள்ளி ஊத்தச் சொன்னாங்க. ஊத்தாம நின்னா மீனு மேல வந்து வாயப் பொளக்கும். நேத்து காலைல வாயப் பொளந்துச்சே, அதே மாதிரிதான்."

எனக்கு வழி கிடைத்துவிட்டது. "நீங்க சொன்னதையே செஞ்சு காட்டுவோம்" என்றேன். அதுவரை அவரை நான் நீ என்றுதான் கூப்பிட்டு வந்தேன். தோட்டத்து உத்தியோகஸ்தர்களான ஸ்டாப்மார் எல்லாரும் அப்படித்தான். அன்று வாயில் நீங்க என்று வந்தது. அவரும் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஸ்டோர் முற்றத்தில் ஒரு மேசை போட்டேன். மருந்துச்சாலையிலிருந்து இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுபோயிருந்தேன். காவல்காரர் கீழ் ஓடையில் பிடித்த கெண்டைக்குஞ்சுகளை வாளியில் வைத்திருந்தார். துரை வந்தார். கண்டாக்கையா வந்தார். பெரட்டு முடிந்த ஜனங்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். காவல்காரரின் பெண்சாதி கூடையை இறக்காமல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

இரண்டு ஜாடியிலும் விடப்போவது ஒரே தண்ணீர்தான், குளத்தின் அடியிலிருந்து எடுத்தது என்று துரையிடம் சொன்னேன். ஒரு ஜாடியில் சலனமே இல்லாமல் விட வேண்டும் என்பதற்காக, எனிமா கொடுக்கும் ரப்பர் குழாய் வழியாக மெதுவாக இறக்கினேன். அந்தக் குழாயை அடையாளம் கண்டு கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்ற ஜாடிக்கான தண்ணீரைக் காவல்காரர் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குத் தோளுயரத்துக்குத் தூக்கி ஊற்றினார். மாற்றி மாற்றி ஊற்றினார். டீயை ஆற்றுவது போல. அவர் தோள் சோர்ந்து போகும் வரை ஊற்றிய பிறகுதான் ஜாடியில் விட்டோம்.

இரண்டிலும் நாலு நாலு குஞ்சு போட்டேன்.

ஆற்றாத ஜாடியில் மீன்கள் உடனே மேலே வந்தன. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து மூடின. கொஞ்ச நேரத்தில் ஒன்று சாய்ந்தது. அப்புறம் இன்னொன்று. ஆற்றிய ஜாடியில் நாலும் அடியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. துரை குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே தண்ணீர் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சாய்ந்து கிடந்த ஒரு குஞ்சைக் கரண்டியால் எடுத்து ஆற்றிய ஜாடியில் விட்டேன். அது மல்லாந்தபடியே இறங்கியது. செத்துவிட்டது என்று நினைத்தேன். எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு அதன் செவுள் ஒரு முறை அசைந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. புரண்டது. கோணலாக நீந்தியது. கடைசியில் நேரானது. அதற்குப் பிறகு துரையே கரண்டியை வாங்கி இன்னொரு குஞ்சை மாற்றிப் போட்டுப் பார்த்தார். அதுவும் பிழைத்தது.

"விஷமென்றால் வாளி மாற்றி ஊற்றினால் போகாது" என்றேன். "தண்ணீரில் காற்று இல்லை. அழுகிய இலை எடுத்துக்கொண்டது."

"இலை எப்படி வந்தது?"

கண்டாக்கையா ஸ்டோரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாதம் முடிவதற்குள் அந்த மலையின் கவ்வாத்தை முடிக்கச் சொன்னது துரைதான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நான் காவல்காரரைப் பார்த்தேன். அவர் தலையை மிக லேசாக அசைத்தார். வேண்டாம் என்பது போல இருந்தது.

"மழை கொண்டுவந்தது" என்றேன்.

துரை நிமிர்ந்து கவ்வாத்து மலையைப் பார்த்தார், பிறகு ஓடையைப் பார்த்தார். அவர் மடையர் இல்லை. இனிமேல் இலை ஒன்றுகூட ஓடையில் விழக்கூடாது, குளத்தை வடித்துச் சேற்றை வார வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். பத்துச்சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. மன்னிப்பும் இல்லை. அப்போது காவல்காரரின் பெண்சாதி கூடையை இறக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. காவல்காரரும் பெண்சாதியும் மருந்துச்சாலைக்கு வந்தார்கள். ஒரு சின்னத் துணிமுடிச்சில் அவரைக்காய் கொண்டுவந்திருந்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். மைக்ராஸ்கோப்பைப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். பீலித் தண்ணீரில் ஒரு சொட்டை வைத்து, எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "அடேயப்பா, இவ்வளவு பேரு இருக்காங்களா உள்ள" என்றார் மெதுவாக. "நான் இவங்களுக்கு மேலயா இத்தன வருசமா நின்னேன்?" சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவள் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது பீலித் தண்ணியாங்கய்யா?" என்றாள்.

"ஆமா."

"இதத்தான் புள்ளைங்களுக்குக் குடுத்தோமா?"

மேல் லயத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் வயிற்றளைச்சல் வரும். அவளுடைய கடைசிப் பிள்ளை முந்தின வருடம் அதில்தான் போனது. மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். பக்கத்துப் பிரிவு லயங்களின் கழிவுநீர்க் கான்கள் எல்லாம் குளத்துக்கு மேலே ஓடையில்தான் வந்து விழுந்தன. இரண்டு வருடமாக அந்தக் கானைத் தாண்டித்தான் நான் நடந்துகொண்டிருந்தேன்.

இதில் எல்லாமே கெட்டது இல்லை, பச்சையாகத் தெரிவதெல்லாம் மீனுக்குச் சாப்பாடு, கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது செத்துவிடும் என்று சொன்னேன்.

"வெறகுக்கு எங்கங்கய்யா போறது?" என்றாள். "கவ்வாத்து வந்தாத்தான் மிலாறு. அது சோத்துக்கே பத்தாது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தெரியாதவனுக்கு விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

அன்று மதியமே துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேல் லயத்துப் பீலியைக் குளத்திலிருந்து கழற்றி, கானுக்கு மேலே பாறைக்கடியில் வரும் ஊற்றோடு சேர்க்க வேண்டும் என்று. அதோடு ஒரு சீட்டின் பின்பக்கம் அடித் தண்ணீரில் கண்டதை வரைந்து வைத்தேன். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதினேன். கண்டாக்கையா என்னை வழியில் நிறுத்தினார். கடிதத்தைப் பற்றித் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஊத்துக்கு எவ்வளவு குழாய் வேணும்னு அளந்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நான் அளந்து தர்றேன். அளவு இல்லாம எழுதினா அந்தாளு படிக்க மாட்டாரு." அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் நான் அவர் பேரைச் சொல்லாமல் விட்டதற்கு அவர் செய்த கைம்மாறு அது என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அப்படித்தானா என்று இன்று வரை நிச்சயமில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

மூன்றாவது கடிதம் அளவோடு போனது. குழாய்கள் வருவதற்குள் பெருமழை தொடங்கிவிட்டது. அந்த மழையிலும் மேல் லயத்தில் வயிற்றளைச்சல் வந்தது, ஒரு பிள்ளை போனது. ஊற்றுத் தண்ணீர் பீலிக்கு வந்தது அதற்கு அடுத்த தையில். காவல்காரரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்துதான் குழாய் இறக்கினார்கள். அடுத்த மழைக்காலத்தில் மருந்துச்சாலை பெஞ்சில் மேல் லயத்து ஆட்கள் குறைந்திருந்தார்கள். முழுக்க நின்றுவிடவில்லை. பிள்ளைகள் கானோரம் விளையாடிவிட்டு வந்து கை கழுவாமல் சாப்பிட்டால் எந்த ஊற்றும் காப்பாற்றாது.

அதற்கடுத்த வருடம் என்னை நோட்டன் பிரிட்ஜ் பக்கத் தோட்டமொன்றுக்கு மாற்றினார்கள். அங்கே போனதும் முதல் வேலையாகப் பெட்டியைக்கூடத் திறக்காமல், லயத்துப் பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். அவள் விநோதமாகப் பார்த்துவிட்டு, "பீலில இருந்துங்க" என்றாள். அது எனக்கும் தெரியும், அதற்கு மேலே எங்கே இருந்து என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "வாங்க, ஏறிப் பாத்துருவோம்" என்று அவளே முன்னால் நடந்தாள்.